மூன்றாவது ஒயர்: ஒரு புரொஜெக்டர் ஃபேன் மாற்றியதில் நடந்தது

தாம்பரத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி படம் போடுவது நாலைந்து வருஷப் பழக்கம். மாமா செகண்ட் ஹேண்டில் வாங்கிய லாம்ப் புரொஜெக்டர் ஒன்று, துணி காயப்போடும் கம்பியில் கட்டிய வெள்ளை பெட்ஷீட், கீழே பாய். தெருப்பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் தலையணையோடு வந்துவிடுவார்கள். அந்தப் பெட்டி மே மாதத்தில் ஒருநாள் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கர்ர் என்று சத்தம் போட்டு அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆன் செய்தால் லாம்ப் எரியத் தொடங்கும், பத்து விநாடியில் அணையும், சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். பக்கத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனதில் மெயின் போர்டு போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமா எனக்கு போன் செய்தார். "தம்பி, ஒன்பதாயிரம் போட்டா புதுசே கொஞ்சம் சேத்து வாங்கிடலாம். நீ ஒரு தடவ பாத்துட்டு சொல்லு, இல்லன்னா பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்றார்.

ஒரு ஃபேனை மாற்றுவதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு இது இரண்டு வாரம் பிடித்தது. அதில் கனெக்டர் பொருந்தாத சிக்கல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது, மீதி நாளெல்லாம் அதில் இருந்த மூன்றாவது ஒயர் என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளத்தான் போனது. இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் முழுசாக எழுதிவைக்கிறேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயம். 230 வோல்ட் ஏசியை நேராக டிசியாக்கி வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். லாம்பைப் பற்றவைக்கும் பகுதியோ தொடங்கும் நொடியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தள்ளும். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் காத்திருந்து, வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைத்தேன். பிற்பாடு கரண்ட் கொடுத்து அளக்க வேண்டி வந்தபோதும் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, லாம்ப் பக்கமே போகாமல் அளந்தேன். இதில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மூன்று ஃபேன். லாம்புக்குப் பின்னால் சூடான காற்றை வெளியே தள்ளுகிற 70 மில்லிமீட்டர் ஃபேனை விரலால் சுற்றிப் பார்த்தேன். மற்ற இரண்டும் தட்டிவிட்டால் நாலு சுற்று சுற்றி நின்றன, இது கால் சுற்றிலேயே நின்றது. கரண்ட் கொடுத்ததும் ஒரு துடிப்பு துடித்தது, சுற்றவில்லை. ஈர்க்குச்சியால் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்கி, கர்ர் என்று முனகியது. போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஃபேன் சுற்றவில்லை என்பதைக் கண்டுபிடித்து அதுதான் லாம்பை அணைக்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்த போர்டுக்குத்தான் ஒன்பதாயிரம் விலை சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஃபேன் போனதற்குக் காரணம் அது இருக்கும் இடம். இது ஸ்லீவ் பேரிங் வகை, அதாவது ஒரு சின்ன உலோகக் குழாய்க்குள் எண்ணெய்ப் படலத்தின் மேல் அச்சு சுற்றுகிறது. லாம்பின் சூடு முழுக்க இதன் வழியாகத்தான் வெளியே போகிறது, வருஷக்கணக்கில் அந்தச் சூட்டில் எண்ணெய் வற்றிப்போகும், மிச்சம் தூசியோடு சேர்ந்து பிசினாகும். ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது, மாமாவும் இதுவே போதும் என்றார். எட்டே நாளில் மறுபடி கர்ர். குழாய் தேய்ந்து அச்சு ஆடத் தொடங்கியிருந்தால் எண்ணெய் அதைத் திருப்பிக் கொடுக்காது. (தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சூட்டில் அது பசையாகி அச்சையே இறுக்கிவிடும்.)

சரி, புது ஃபேன் வாங்கலாம் என்று லேபிளைப் பார்த்தேன். 12 வோல்ட் டிசி, 0.25 ஆம்பியர், 70 மில்லிமீட்டர் சதுரம், 20 மில்லிமீட்டர் தடிமன். மூன்று ஒயர்: சிவப்பு, கருப்பு, வெள்ளை. முனையில் குட்டியாக ஒரு வெள்ளை பிளக். கம்ப்யூட்டர் ஃபேன் பிளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பாதி அளவுதான் இருக்கிறது.

இந்த மாதிரிக் குட்டி பிளக்குகளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம். பிளக் போய் உட்காரும் உலோக ஊசிகளுக்கு, அதாவது பின்களுக்கு, நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்க வேண்டும். ஒரு இடைவெளியை மட்டும் அளந்தால் தப்பு வரும், அதனால் முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். போர்டில் இருந்த மூன்று பின்னுக்கு மொத்தம் 4 மில்லிமீட்டர் வந்தது, ஆக ஒன்றுக்கு 2.0. கம்ப்யூட்டர் மதர்போர்டில் வருவது 2.54. கடையில் ஜேஎஸ்டி (கனெக்டர் செய்யும் ஒரு கம்பெனி) என்று கேட்டால் கிடைப்பதிலேயே 2.5-க்கு எக்ஸ்எச், 2.0-க்கு பிஎச், 1.5-க்கு இசட்எச் என்று தனித்தனிக் குடும்பம் இருக்கிறது, வேறு கம்பெனிகள் 1.25-லும் செய்கின்றன. 2.54 பிளக்கை 2.5 பின்னில் அழுத்தினால் மூன்று பின்தானே என்று எப்படியோ ஏறிக்கொள்ளும், 2.0-ல் ஏறவே ஏறாது, அழுத்தினால் போர்டில் பின் பெயர்ந்து வரும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கடையில் இதே அளவு ஃபேன் கிடைத்தது. 12 வோல்ட், 0.22 ஆம்பியர், பால் பேரிங் (குட்டி உருண்டைகளின் மேல் அச்சு சுற்றும் வகை), மூன்று ஒயர். பழையதைவிடக் கரண்ட் கூடுதலாக இழுக்கும் ஃபேனை எடுக்கக் கூடாது, போர்டில் அதை ஓட்டுகிற டிரான்சிஸ்டர் பழைய ஃபேனுக்கு அளவெடுத்து வைத்தது. ரொம்பக் குறைவான கரண்ட் என்றாலும் யோசிக்க வேண்டும், காற்றும் அதற்கேற்பக் குறைவாகத்தான் இருக்கும். பால் பேரிங் கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் சூட்டைத் தாங்கும், இந்த இடத்துக்கு அதுதான் சரி. "அண்ணே, இதுல மூணாவது ஒயர் என்ன சிக்னல்?" என்று கேட்டேன். "மூணு ஒயர் இருக்குல்ல சார், போடுங்க, ஓடும்" என்றார். ஓடியது, அதில் அவர் சொன்னது தப்பில்லை.

2.0 பிளக்குக்குக் கிரிம்ப் அடிக்க, அதாவது ஒயர் நுனியில் உலோக முனையை நசுக்கிப் பொருத்த, என்னிடம் சரியான இடுக்கி இல்லை. அது தேவையும் இல்லை, பழைய ஃபேனின் பிளக்கே போதும். செத்துப்போன ஃபேனில் விலை மதிப்புள்ளது அந்தப் பிளக்தான், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கனெக்டர் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர். பழைய ஃபேனில் கொஞ்சம் ஒயர் மிச்சம் இருக்கும்படி விட்டு, பிளக் பக்கம் ஏழு சென்டிமீட்டர் வைத்து வெட்டினேன். இரண்டு பக்கமும் ஒயர் இருந்ததால்தான் பிற்பாடு பழைய ஃபேனை மேஜையில் ஓட்டிப் பார்க்க முடிந்தது.

எந்த ஒயர் எது என்பதை நிறத்தை நம்பி முடிவு செய்யவில்லை. கம்ப்யூட்டர் ஃபேன்களிலேயே இதில் ஒரு குழி இருக்கிறது. மூன்று ஒயர் ஃபேனில் வழக்கமாகச் சிவப்பு பிளஸ், மஞ்சள் வேகச் சிக்னல். நான்கு ஒயர் ஃபேனில் இன்டெல் வகுத்த நிறப்படி மஞ்சள்தான் 12 வோல்ட், பச்சை சிக்னல், நீலம் வேகக் கட்டுப்பாடு. ஒரே மஞ்சள், ஒன்றில் பிளஸ், இன்னொன்றில் சிக்னல். மாற்றிக் கொடுத்தால் சிக்னல் பின் வழியாக 12 வோல்ட் போய் போர்டின் மூளைச் சிப்பே போய்விடும்.

அதனால் போர்டையே கேட்டேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, கரண்ட் இல்லாத நிலையில், பெட்டியின் உலோகத் தகட்டுக்கும் ஒவ்வொரு பின்னுக்கும் மீட்டரில் பீப் பார்த்தேன் (இரண்டும் இணைந்திருந்தால் மீட்டர் பீப் அடிக்கும்), நடுப் பின் பீப் அடித்தது, அது கிரவுண்ட், அதாவது மைனஸ். கரண்ட் கொடுத்து ஆன் செய்ததும் ஓரப் பின் ஒன்றில் 7 வோல்ட் அளவில் வந்தது, அது பிளஸ். மீதி ஒன்றில் அசையாமல் 3.3 வோல்ட், அதுதான் சிக்னல். ஃபேன் இல்லாமலே ஆன் செய்வதால் பத்து விநாடியில் அணைந்துவிடும், அதற்குள் அளந்துவிட வேண்டும், நான் மூன்று தடவை ஆன் செய்து அளந்தேன். கம்ப்யூட்டர் ஃபேனில் கிரவுண்ட் ஓரத்தில், பிளஸ் நடுவில். இதில் பிளஸ் ஓரத்தில், கிரவுண்ட் நடுவில். பிளக் அளவு ஒன்றாக இருந்திருந்தால்கூட அப்படியே செருகியிருந்தால் தலைகீழாகத்தான் போயிருக்கும்.

பிளஸில் 12 இல்லாமல் 7 வந்ததையும் கவனியுங்கள். புரொஜெக்டர் சூட்டைப் பார்த்து ஃபேன் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கிறது. 12 வோல்ட்டில் நன்றாக ஓடும் ஃபேன் 7-ல் கிளம்பவே கிளம்பாமல் நிற்கலாம். மேஜையில் வோல்ட்டேஜ் மாற்றக்கூடிய அடாப்டரை வைத்து 3-லிருந்து மெதுவாக ஏற்றிப் பார்த்தேன், புது ஃபேன் 4.5-ல் கிளம்பியது, போதும்.

மூன்று ஒயரையும் சோல்டர் செய்தேன். மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் தள்ளி வரும்படி ஒயர்களை நீளம் மாற்றி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட்டேன். கருப்பு டேப் இந்தச் சூட்டில் பசை விட்டு அவிழ்ந்துவிடும். ஃபேன் சட்டத்தில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், இல்லாவிட்டால் லேபிள் ஒட்டிய பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். மூடியைப் போட்டு ஆன் செய்தேன். ஃபேன் சத்தமே இல்லாமல் அழகாகச் சுற்றியது. லாம்ப் எரிந்தது. பத்து விநாடி. அணைந்தது. அதே சிவப்பு விளக்கு.

முதலில் சோல்டரில் தப்போ என்று மூன்றையும் பிரித்துத் திரும்பச் செய்தேன், அதே கதை. அப்புறம் பிளக் போர்டில் இருக்கும்போதே சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்து ஆன் செய்தேன். ஃபேன் ஓடும்போது 1.6 வோல்ட் காட்டியது. 3.3-இல் சரிபாதி. அந்தப் பாதிதான் விஷயத்தை உடைத்தது.

ஃபேன்களின் மூன்றாவது ஒயரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேகச் சிக்னல், எஃப்ஜி என்பார்கள். உள்ளே ஒரு சுவிட்ச் மாதிரி டிரான்சிஸ்டர் ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு தடவை அந்த ஒயரைக் கிரவுண்டில் தொட்டுத் தொட்டு விடும். போர்டு அந்தத் துடிப்புகளை எண்ணி வேகத்தைக் கணக்குப் போடும், நொடிக்கு 100 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று. பாதி நேரம் 3.3, பாதி நேரம் பூஜ்யம் என்பதால் மீட்டர் சராசரியாகப் பாதியைக் காட்டும். இன்னொன்று பூட்டுச் சிக்னல், ஆர்டி என்பார்கள். இதில் துடிப்பு கிடையாது. ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் வரை ஒயரைக் கிரவுண்டில் பிடித்தே வைத்திருக்கும், ஃபேன் நின்றால் விட்டுவிடும், போர்டு 3.3 வோல்ட்டைப் பார்த்து ஆபத்து என்று புரிந்துகொள்ளும். சில ஃபேன்களில் இது தலைகீழாகவும் இருக்கும். இரண்டுக்கும் ஒயர் எண்ணிக்கை ஒன்று, பிளக் ஒன்று, நிறமும் ஒன்றாக இருக்கலாம், லேபிளில் இருக்கும் நம்பரின் கடைசி எழுத்துகள்தான் வேறு.

ஊகத்தில் விடாமல் பழைய ஃபேனை மேஜைக்குக் கொண்டுவந்தேன். 9 வோல்ட் கொடுத்து, சிக்னல் ஒயரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பிளஸ்ஸுக்கு இழுத்து, தள்ளிவிட்டு ஓடவைத்தேன். முனகிக்கொண்டே ஓடியபோது சிக்னல் 0.1 வோல்ட். இறக்கையைப் பிடித்து நிறுத்தினேன், ஒரு நொடிக்குப் பிறகு 9 வோல்ட். சந்தேகமே இல்லை, ஆர்டி. புது ஃபேனுக்கு அதே சோதனை: ஓடும்போது நாலரை. பிடித்து நிறுத்தினால் ஒரு தடவை 0, அடுத்த தடவை 9, எந்த இடத்தில் நின்றதோ அதைப் பொறுத்து மாறி மாறி வந்தது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். சிக்னல் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்துவிடு, போர்டு எப்போதும் ஃபேன் ஓடுவதாக நினைத்துக்கொள்ளும், வேலை முடிந்தது. நான் கேட்ட இரண்டு பேரும் இதையே சொன்னார்கள். வேலை செய்யும், பொய் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது 1990-களின் நடுவில் பிலிப்ஸ் கொண்டுவந்த யுஎச்பி வகை லாம்ப், குவார்ட்ஸ் குமிழுக்குள் பாதரசம், எரியும்போது உள்ளழுத்தம் சுமார் 200 வளிமண்டலம் வரை போகும். அதைக் குளிர்விக்கிற ஃபேன் நின்றதைச் சொல்ல ஒரே ஒரு ஒயர்தான் இருக்கிறது. அந்த ஒயரின் வாயைக் கட்டிவிட்டு, பக்கத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைக்க என்னால் முடியாது. டிவி பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஃபேன் என்றாலும் நான் யோசிப்பேன், இதில் யோசிக்கவே இடமில்லை.

ஆர்டி வகையில் இதே அளவு ஃபேன் தேடினேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒரு மாதம், ஃபேனைவிடத் தபால் செலவு அதிகம். பொறுமை இருப்பவர்களுக்கு அதுதான் நேரான வழி. நான் எஃப்ஜியை ஆர்டியாக மொழிபெயர்க்க ஒரு குட்டி சர்க்யூட் செய்தேன், பாகங்கள் எல்லாம் சேர்ந்து இருபது ரூபாய்கூட ஆகாது.

யோசனை இதுதான். ஃபேன் நின்றால் சிக்னல் 0-விலும் நிற்கலாம், மேலேயும் நிற்கலாம் என்பதை மேஜையிலேயே பார்த்தோம். அதனால் அளவைப் பார்த்துப் பயனில்லை, துடிப்பு இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கெப்பாசிட்டர் மாறுகிற வோல்ட்டேஜை மட்டும் கடத்தும், நிற்கிற வோல்ட்டேஜைக் கடத்தாது. புது ஃபேனின் சிக்னல் ஒயரை 4.7 கிலோ ஓம் வழியாக ஃபேன் பிளஸ்ஸுக்கு இழுத்தேன். அங்கிருந்து 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அதன் மறுமுனைக்குக் கிரவுண்டிலிருந்து ஒரு 1என்4148 டையோடு (ஒரே திசையில் மட்டும் கரண்ட் விடும் பாகம்), அங்கிருந்து இன்னொரு 1என்4148 வழியாக 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். துடிப்பு வர வர இந்த இரண்டாவது கெப்பாசிட்டரில் சார்ஜ் சேரும், குடத்தில் கைப்பம்பால் தண்ணீர் அடிப்பது போல. குடத்தில் ஒரு சின்ன ஓட்டை வேண்டும், அதற்கு 100 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. சேர்ந்த வோல்ட்டேஜ் 47 கிலோ ஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ் என்ற காலுக்கு, எமிட்டர் என்ற கால் கிரவுண்டில், மூன்றாவது காலான கலெக்டர் போர்டின் சிக்னல் பின்னில். ஃபேன் ஓடினால் டிரான்சிஸ்டர் பின்னைக் கிரவுண்டில் பிடிக்கும். நின்றால் பம்ப் நிற்கும், ஒரு நொடிக்குள் குடம் காலியாகி டிரான்சிஸ்டர் விட்டுவிடும். ஃபேன் ஒயர் அறுந்தாலும் அலாரம், சர்க்யூட்டுக்குப் போகிற ஒயர் அறுந்தாலும் அலாரம். எந்த ஒயர் அறுந்தாலும் லாம்ப் அணைகிற பக்கமாகவே விழும்படி அமைந்ததில்தான் எனக்கு நிம்மதி.

தபால்தலை அளவு டாட் போர்டில் (பாகங்களைச் சோல்டர் செய்ய ஓட்டை போட்ட அட்டை) எல்லாம் அடங்கியது. பெரிய ஸ்லீவுக்குள் வைத்துச் சுருக்கி, லாம்பிலிருந்து தள்ளி, காற்று உள்ளே வருகிற பக்கத்தில் கட்டினேன். மேஜையில் சோதித்துப் பார்த்தபோது பழைய ஃபேன் மாதிரியே ஓடும்போது 0.1, பிடித்து நிறுத்தினால் மேலே.

பெட்டியில் போட்டு ஆன் செய்தேன். பத்து விநாடி தாண்டியது, அரை மணி நேரம் தாண்டியது. ஆனால் ஓடுவதைப் பார்ப்பது பாதிச் சோதனைதான், நிற்கவேண்டிய நேரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியெல்லாம் போட்டு முறுக்கிய நிலையில், பின்பக்க வலை வழியாக நாலைந்து ஈர்க்குச்சியைச் சேர்த்து உள்ளே விட்டு ஃபேனைத் தடுத்தேன். மாமா பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினார். மூன்று எண்ணுவதற்குள் லாம்ப் அணைந்தது, சிவப்பு விளக்கு வந்தது. மற்ற ஃபேன்களைத் தொடவில்லை என்பதால் அவை கொஞ்ச நேரம் ஓடிச் சூட்டை இறக்கிவிட்டு நின்றன. இரண்டாம் தடவையும் அப்படியே.

காற்று போதுமா என்ற கேள்வி மிச்சம் இருந்தது, கரண்ட் கொஞ்சம் குறைவான ஃபேன் ஆயிற்றே. மீட்டரோடு வரும், வெப்பம் அளக்கிற ஒயரைப் பின்பக்க வலையில் தொங்கவிட்டு முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். மாடியில் 31 டிகிரி, வெளியே வந்த காற்று 58-ல் போய் நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. தூசி வடிகட்டியைக் கழுவிக் காயவைத்துப் போட்டதும் 55. அந்த வடிகட்டியில் கம்பளி மாதிரி தூசி அப்பியிருந்தது, முதல் ஃபேன் சீக்கிரம் போனதில் அதற்கும் பங்கு இருக்கும். அக்காவிடம் மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் முதல் சனிக்கிழமையிலிருந்து மறுபடி படம் ஓடுகிறது, எட்டு மாதம் ஆகிறது. நாளைக்கு வேறு யாராவது திறந்தால் ஃபேன் ஒயர் நடுவே கருப்பு ஸ்லீவில் ஏதோ முடிச்சு இருக்கிறதே என்று வெட்டி எறிந்துவிடக் கூடாது. அதனால் மேல் மூடியின் உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டிவைத்தேன்: ஓரம் பிளஸ், நடு கிரவுண்ட், மூன்றாவது ஆர்டி, ஃபேன் எஃப்ஜி, ஸ்லீவுக்குள் இருப்பதை எடுக்க வேண்டாம். கீழே சர்க்யூட் படம். பழைய ஃபேன் ஒரு பிளாஸ்டிக் கவரில், ஒயரோடு, மாமா வீட்டுப் பரணில் இருக்கிறது.